உப்பு எலிகளின் பங்காளி

ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளுக்குத் தீனி வைப்பவரை எல்லாரும் எலியண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். சிங்கம், புலி என்று பட்டம் சூட்டிக்கொண்டு எத்தனையோ பேர் திரிய, அவருக்கு வாய்த்தது இது. ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் சொன்ன அன்றே அவர் மனைவி சமையலறையிலிருந்து உப்பு ஜாடியை நாடு கடத்திவிட்டாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். எலியண்ணனுக்கு அது தினமும் டிபன் பாக்ஸில் வந்தது.

இந்தக் கொடுமையில், கூடத்தை நடத்தும் விஞ்ஞானி மேடம் புதிதாகத் தொடங்கிய ஆராய்ச்சியோ உப்பைப் பற்றி.

"சாப்பாட்டு உப்பு குடல்லேருந்து முதல்ல ஈரலுக்குத்தான் போகும் அண்ணே. ஈரல் அதை மோப்பம் பிடிச்சு, ‘உப்பு வருது, வெளிய தள்ளு’ன்னு சிறுநீரகத்துக்குச் சேதி சொல்லும். தினமும் உப்பைக் கொட்டினா அந்த மோப்பம் மழுங்கிடுமான்னு பார்க்கப் போறோம்" என்றார்.

அதற்காகப் பாதி எலிகளுக்கு உப்புத் தூக்கலான தீவன உருண்டை. எலிக்குக் கிடைக்கிற உப்பு மனுஷனுக்குக் கிடைக்கவில்லையே என்று அண்ணனுக்கு வயிறெரிந்தது. ஒருநாள் உப்பு எலியின் தட்டிலிருந்தே ஒரு உருண்டையை எடுத்துக் கடித்துப் பார்த்தார். அடடா! அப்புறம் என்ன, தினமும் கேட்காமலே பங்கு எடுத்துக்கொண்டார்.

தட்டில் மீந்த தீவனத்தையும் எலிகளின் சிறுநீரையும் சோதித்த மேடம் துள்ளிக் குதித்தார். "எவ்வளவு உப்புத் தின்னிருக்கு பாருங்க! வெளிய வந்ததோ கொஞ்சூண்டு. ஈரலுக்கு மோப்பம் போயிடுச்சு அண்ணே! மாநாட்டுல சொல்லப் போறேன்."

அண்ணன் கையிலிருந்த தீவன வாளியைக் கீழே வைத்தார். தன் வயிற்றுக்குப் போன உப்பை எலி தின்றதாகச் சொல்லி, மேடம் நாலு பேர் முன்னால் தலைகுனியப் போகிறாரே! உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும்? உண்மையைச் சொல்லிவிட்டார்.

மேடம் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "எலித்தீனியையா தின்னீங்க?"

"நல்லாத்தான் இருந்துச்சு மேடம்."

மேடத்துக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கடைசியில் கோபம்தான் வந்தது. "உங்க பிரஷருக்கு அது விஷம் அண்ணே! சரி, உங்களை வேலைய விட்டு எடுக்கல. மறுபடி முதல்லேருந்து ஆரம்பிப்போம். ஆனா இன்னிக்கே அண்ணிகிட்ட எல்லாத்தையும் சொல்லிடணும்."

"வேலைய வேணும்னா எடுத்துக்குங்க மேடம். அது மட்டும் வேணாம்."

"ஏன், அடிப்பாங்களா?"

"அடிச்சாத் தேவலையே" என்றார் அண்ணன், தலையைத் தொங்கப் போட்டபடி. "எனக்காக அவளும் உப்பில்லாமதான் தின்னுட்டிருக்கா."