எல்லாருக்கும் வலது பக்கம்

‘டார்ச்சு’ என்கிற பேரைப் பெரியத்தை முதன்முதலில் கேட்டது ஃபோனில். தம்பி மகளுக்கு அப்போது நாலு வயது. பூனையின் வாயைப் பிளந்து டார்ச் அடித்துப் பார்த்து, பிறாண்டல் வாங்கி, அழாமல் மறுபடியும் பார்த்தாளாம். அன்றிலிருந்து தெருவே அவளை டார்ச்சு என்று கூப்பிடுகிறது என்று தம்பி பெருமையாகச் சொன்னார். லைனில் இருந்த இரைச்சலில் அத்தைக்கு அது ‘டார்ச்சர்’ என்று விழுந்தது. பெற்ற பெண்ணை இப்படியா சொல்வது என்று தம்பியைப் பத்து நிமிஷம் ஏசிவிட்டு ஃபோனை வைத்தார். தாம் கேட்ட பேர்தான் பொருத்தம் என்று அவருக்குத் தோன்றிய வாரம் ஒன்று, இருபத்துமூன்று வருஷம் கழித்து வந்தது.

டார்ச்சு அதற்குள் டாக்டராகி, குடும்ப மருத்துவம் மேற்படிப்பில் இருந்தாள். ஒரு வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் பார்க்கிற டாக்டருக்கான படிப்பு அது. அதனால் ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு மாதம் வேலை பார்க்க வேண்டும். அடுத்தது காது மூக்கு தொண்டை. அந்தப் பிரிவின் பெரிய டாக்டர், வெறுங்கையோடு வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறவர். வருவதற்கு முன் பத்துப் பேரைச் சோதித்து, பார்த்ததைப் படமாக வரைந்து, நோட்டில் குறித்துக் கொண்டுவர வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டால் உள்ளே. போடாவிட்டால் ஆறு மாதம் கழித்து அடுத்த கூட்டத்தோடு வரலாம். கூடப் படித்தவர்கள் முன்னே போய்விட, தான் மட்டும் பின்தங்கி நிற்க டார்ச்சு தயாராக இல்லை.

பத்துப் பேருக்கு எங்கே போவது? பெரியத்தை வீட்டில் தலை எண்ணினால் ஒன்பது. அப்பாவையும் இழுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் இறங்கினாள்.

சாப்பாட்டு மேசை பக்கத்தில் நாற்காலி போட்டு ஒவ்வொருவராக உட்கார வைத்தாள். மாமாவின் மூக்குத் தண்டு உள்ளே வளைந்திருந்தது. ஊரார் விஷயத்தில் நுழைத்து நுழைத்து வளைந்தது, அதையும் சேர்த்து எழுதிக்கொள் என்றார் அத்தை. மூத்த மருமகளை ‘ஆ’ சொல்லச் சொன்னால், மாமியார் முன்னால் வாயைத் திறந்து பழக்கமில்லை என்றாள். சொன்னவள் உள்பட யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடைசியில் ஒரு சோதனை. இரண்டு கால் உள்ள இரும்புக் கவையைத் தட்டினால் ரீங்காரம் வரும். அதை நெற்றி நடுவில் வைத்து, ஒலி எந்தப் பக்கம் கேட்கிறது என்று கேட்க வேண்டும். காது நன்றாக இருந்தால் நடுவில் கேட்கும். ஒரு காது அடைத்திருந்தால், வேடிக்கை, அடைத்த பக்கம்தான் தூக்கலாகக் கேட்கும். மாமா அதைக் கையில் வாங்கிப் பார்த்து, இந்த முள்கரண்டிக்கு மிச்சப் பல்லெல்லாம் எங்கே போயிற்று என்று விசாரித்தார்.

முதலில் அத்தை. "வலது பக்கம்" என்றார், தீர்ப்புச் சொல்வதுபோல. அடுத்து மாமா, வலது. மகன்கள், மருமகள்கள், எல்லாருக்கும் வலது. அப்பாவுக்கும் வலது. வேலை இவ்வளவு சுருக்காக முடிந்ததில் டார்ச்சுக்கு ஏக சந்தோஷம்.

திங்கட்கிழமை பெரிய டாக்டர் நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார்.

"உங்க வீடு ஒரு பக்கமா சாஞ்சிருக்காம்மா?"

அவளுக்குப் புரியவில்லை.

"பத்துப் பேருக்கும் வலது பக்கம் கேக்குது. ஒண்ணு, பத்துப் பேருக்கும் வலது காது அடைச்சிருக்கணும். இல்ல, பத்துப் பேரும் சேந்து உனக்குக் காது குத்தியிருக்கணும். எதுன்னு கண்டுபிடிச்சிட்டு வெள்ளிக்கிழமை வா. அன்னைக்கும் இதே மாதிரி இருந்துச்சுன்னா, ஆறு மாசம் கழிச்சுப் பாக்கலாம்."

சாயந்தரமே அத்தை வீட்டுக்கு ஓடினாள். இந்தத் தடவை சாமான் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொருவராக. மாமா நெற்றியில் கவையை வைத்தாள்.

"நடுவுல."

"நேத்து வலதுன்னீங்களே மாமா?"

மாமா கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "உங்க அத்தை வலதுன்னுட்டா. நான் நடுவுலன்னு சொன்னா, அப்புறம் ஒரு வாரம் அவளுக்கு யாரு பதில் சொல்றது?"

அத்தை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாளாம் மூத்த மருமகள். அக்கா சொல்லித் தான் எதையுமே மறுத்ததில்லை, காது விஷயத்தில் புதிதாக ஆரம்பிப்பானேன் என்றார் அப்பா. ஒன்பது பேருக்கும் நடுவில்தான் கேட்டது. அத்தைக்கு மட்டும் இன்றைக்கும் வலது.

டார்ச்சு அத்தையின் வலது காதுக்குள் விளக்கடித்தாள். உள்ளே காக்கி நிறத்தில் குறும்பி ஒரு சுவராக அடைத்திருந்தது. நோட்டிலோ அந்தக் காதுக்கு முத்துப்போல் பளபளக்கும் செவிப்பறையை அவளே வரைந்திருந்தாள். அப்போதுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை இடது காதைப் பார்த்துவிட்டு, திரும்பி உட்காருங்கள் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போயிருந்தாள். அத்தை திரும்பினார்தான். அதற்குள் மருமகள் ஏதோ கேட்க, பழையபடி திரும்பிக்கொண்டாராம். வந்தவள் அதே இடது காதை இன்னொரு தடவை பார்த்து, வலது என்று எழுதிவிட்டாள்.

"எனக்கா அடைப்பு? பக்கத்து வீட்டுல கிசுகிசுன்னு பேசினாக்கூட எனக்குக் கேக்கும்டி" என்றார் அத்தை. பக்கத்து வீடு இடது பக்கம் இருந்தது.

மூன்று நாள் வேளை தவறாமல் வந்து அத்தையைச் சாய்த்துப் படுக்க வைத்துச் சொட்டு மருந்து விட்டாள். மருந்து ஊறும்வரை பேசக்கூடாது என்றும் சொல்லிவிட்டாள். டார்ச்சர் என்று அத்தை வாய்விட்டுச் சொன்னது அந்த வாரத்தில்தான்.

வெள்ளிக்கிழமை அத்தையையே கூட்டிக்கொண்டு போனாள். இடது காதையே இரண்டு தடவை வரைந்துவிட்டேன் என்று பெரிய டாக்டரிடம் ஒப்புக்கொண்டாள். அவர், நீயே கழுவு என்று வெதுவெதுப்பான தண்ணீரையும் பீச்சுக்குழலையும் நகர்த்தி வைத்தார். மூன்றாவது பீச்சில் வேர்க்கடலை அளவில் ஒரு கட்டி தட்டில் விழுந்தது.

"இப்போ கேக்குதாம்மா?" பெரிய டாக்டர் வழக்கப்படி உரக்கக் கேட்டார்.

"கேக்குது. அதுக்கு ஏன் இந்தக் கத்து கத்துறீங்க? நான் என்ன செவிடா?"

கவையைத் தட்டி நெற்றியில் வைத்தாள் டார்ச்சு. அத்தை கண்ணை மூடி யோசித்தார். இந்தத் தடவை ஆமாம் போட யாரும் பக்கத்தில் இல்லை.

"நடுவுல" என்றார், மனசில்லாமல்.

பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டார். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அத்தையின் வலது பக்கம் உட்கார்ந்திருந்த மாமா, பல வருஷப் பழக்கத்தில் ஏதோ முணுமுணுத்தார். முழுவதும் அத்தைக்குக் கேட்டது. மறுநாள் முதல் அவர் மேசையின் எதிர்முனைக்கு மாறிவிட்டார்.

டார்ச்சு இப்போது அதே ஆஸ்பத்திரியில், தரைத்தளத்தில் ஐந்தாம் நம்பர் அறையில் குடும்ப டாக்டராக இருக்கிறாள்.