கோழிக்கொண்டைச் செடிக்கு நான் ஊற்றிய தண்ணீர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே பல வருஷம் போய்விட்டது. பேனாவை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், அதற்குக் கீழே ஒரு வரி வராது. சுழி மட்டும் போட்ட தாள்கள் வீட்டில் எத்தனையோ கிடக்கின்றன. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு எழுத்து எங்கே வரும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். தைரியம் வரவில்லை என்பதுதான் நிஜம்.

போன வாரம் பேத்தி லீவுக்கு வந்தாள். இரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த அவரை விதை நாலைக் காகிதத்தில் மடித்து எடுத்து வந்திருந்தாள். லீவு முடிவதற்குள் வளர்த்துக் காட்ட வேண்டுமாம். "உங்கம்மாவ நட்டுக் குடுக்கச் சொல்றதுதானே?" என்று சும்மா பேச்சுக்குக் கேட்டேன்.

"அம்மா கை சூடு தாத்தா. அம்மா தொட்டா செடி கருகிடும். அம்மாவேதான் சொல்லிச்சி."

வெளியே வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அவள் அம்மா கற்பகம் என் ஒரே மகள்.

தொட்டியில் மண்ணைக் கிளறித் தண்ணீர் தெளித்தேன். காய்ந்த மண்ணில் முதல் தண்ணீர் பட்டதும் ஒரு வாசனை வரும், உங்களுக்கே தெரியும். அது என்னை நேரே எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய் நிறுத்தியது.

பெரிய காஞ்சிபுரத்தில் பெரிய பெரிய கோயில்களுக்கு நடுவே, நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய கோயில் அது. பக்கத்தில் கட்டில் அகலத்துக்கு ஒரு துண்டு மண். அதற்கு நாங்கள் வைத்த பெயர் நந்தவனம். மாசி மகம் முடிந்ததும் தெருப் பிள்ளைகள் அதைக் கொத்தி, கோழிக்கொண்டை விதை தூவுவார்கள். சித்ரா பௌர்ணமிக்குச் சாமி தெரு சுற்றி வரும்போது, அந்தப் பூவும் துளசியும் சேர்த்துக் கட்டிய மாலைதான் அவர் கழுத்தில் ஏறும். முழுப் பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளுக்கு வேறு வேலை கிடையாது. காலையில் குடம் தூக்கிச் செடிக்குத் தண்ணீர், மத்தியானம் கொடுக்காப்புளி, சாயந்திரம் நீர்மோர்ப் பந்தலுக்குக் கீற்று இழுத்து வருவது. மோருக்குப் போட ஐஸ் கட்டியைப் பின் தெரு ஜவுளிக்கடை பாய் அனுப்பிவைப்பார். "கல்லு பெருசா சின்னதா மாமூ?" என்று என்னிடம் ஆள் விட்டுக் கேட்பார். பந்தலில் மைக் பிடிப்பவன் நான். குரல் சுமார்தான், ஆனால் மைக்கை விடமாட்டேன்.

முதல் விதை போடுவது எப்போதும் கற்பகம். அவளுக்குக் கைராசி என்று தெருவே நம்பியது. எதிர்வீட்டு சரோஜாம்மா தெலுங்குக்காரர். பீர்க்கை விதையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து நிற்பார். "ரா தல்லி, நீ கைய வெச்சாத்தான் காய்க்கும்" என்பார். ஒன்பது வயதுப் பெண், பாவாடையைச் செருகிக்கொண்டு டாக்டரம்மா மாதிரி போய்வருவாள். எனக்கு உள்ளுக்குள் கர்வம்.

நான் தறிக்காரன் இல்லை. தறிக்காரர்களுக்குப் பட்டு நூல் காய்ச்சிக் கொடுப்பவன். கச்சா நூல் பிசினோடு விறைப்பாக இருக்கும். சோப்பும் சோடா உப்பும் போட்டுக் கொதிக்கவைத்து அலசினால்தான் மெதுவாகும், சாயம் பிடிக்கும். என் சட்டை, தலைமுடி, நான் பிசைந்த சாதம் எல்லாவற்றிலும் சோடா வாசனை. "அப்பா மேல என்ன வாசனை?" என்று கேட்டால், "துணி தோய்க்கிற கல்லு வாசனை" என்பாள் கற்பகம்.

அவளுக்கு ஒன்பது வயதான அந்த வருஷம் குழாயில் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் வந்தது. பின்கட்டில் இரண்டு நீல டிரம். ஒன்றில் நல்ல தண்ணீர். இன்னொன்றில் நூல் காய்ச்சிய சோடாத் தண்ணீர். கக்கூஸ் கழுவ என் மனைவி பிடித்து வைத்திருந்தது. பௌர்ணமிக்குப் பத்து நாள் இருக்கும். அவளும் மகளும் ஏனாத்தூரில் ஒரு காதுகுத்துக்குப் போனார்கள்.

"செடிக்கு ரெண்டு பக்கெட் ஊத்துப்பா. சாயங்காலமா ஊத்து, வெயில்ல ஊத்தாத" என்று படி இறங்கும்போது கற்பகம் சொன்னாள்.

"உத்தரவு தாயே" என்றேன்.

சாயங்காலம் வெளிச்சம் போகிற நேரத்தில் அவசரமாக டிரம்மில் மொண்டு, இரண்டு பக்கெட் கொண்டுபோய் ஊற்றினேன். வேறு யாராக இருந்தாலும் மூக்கு சொல்லியிருக்கும். எனக்குத்தான் எல்லாத் தண்ணீரும் சோடா வாசனை ஆயிற்றே. புண்ணியம் செய்த திருப்தியில் விபூதி இட்டுக்கொண்டு திரும்பினேன்.

ராத்திரி காதுகுத்திலிருந்து திரும்பி வந்த மனைவி கேட்டாள்: "ஏங்க, கக்கூஸ் கழுவ வெச்சிருந்த தண்ணி எங்க போச்சி?"

அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. "வாசல்ல ஊத்திட்டேன்" என்றேன்.

உடனே போய் நல்ல தண்ணீர் நாலு குடம் ஊற்றியிருந்தால் வேர் பிழைத்திருக்குமோ என்னவோ. இந்நேரத்தில் ஏன் ஊற்றுகிறாய் என்று யாராவது கேட்டால்? நந்தவனத்தில் கால் கழுவிய தண்ணீர்கூட விழக் கூடாது என்று மைக்கில் கத்துகிறவன் நான். சாமி செடிக்குக் கக்கூஸ் தண்ணீரை ஊற்றினேன் என்று எந்த வாயால் சொல்வேன்? போகவில்லை.

மூன்றாம் நாள் இலை ஓரமெல்லாம் கருகிற்று. அப்புறம் மொட்டோடு தலை தொங்கியது. பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். "நான் தெனிக்கும் ஊத்திக்கினுதான் இருந்தேன்" என்று கற்பகம் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துச் சொன்னாள். அந்த ஒரு நாள் அப்பா ஊற்றியதில் தப்பு இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. விதை போட்ட கை அவள் கை, தண்ணீர் ஊற்றுகிறவள் அவள். கூட்டத்தில் யாரோ, "கை சூடாயிட்டுதுமா" என்றார்கள். பையன்களுக்கு அது போதாதா? "சுடுகை வருதுடோய், செடிய மூடுங்க!" என்று அவள் தெருவில் இறங்கும்போதெல்லாம் கத்தினார்கள்.

அந்தப் பௌர்ணமிக்கு மாலை கடையில் வாங்கினோம். நான் மைக்கில் எல்லோரையும் வரவேற்றேன். தினமும் பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் போட்டு மன்னிப்புக் கேட்டேன். யாரிடம் கேட்க வேண்டுமோ அவள் வீட்டில் இருந்தாள். அவளிடம் கேட்கவில்லை.

அடுத்த வாரம் சரோஜாம்மா பீர்க்கை நட்டார். கூப்பிடாமலே கற்பகம் ஓடினாள். "வேணா தல்லி, நீ தள்ளி நில்லு" என்றார் அவர். அன்பாகத்தான் சொன்னார். திரும்பி வந்தவள் குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டே இருந்தாள்.

"என்னடி பண்ற?"

"சூடு போவுதான்னு பாக்கறேன்பா."

"அதெல்லாம் மூட நம்பிக்கை. போய்ச் சாப்புடு" என்று சொன்னேன், சொல்லிவிட்டு உள்ளே போனேன். அதற்குப் பிறகு அவள் மண்ணைத் தொட்டு நான் பார்க்கவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டிப்போக வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தவள், மடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள். கடைசித் துணியையும் பையில் வைத்தாள்.

"இப்ப வந்து சொல்றியேப்பா. சரோஜாம்மா இல்ல. அம்மா இல்ல. அந்தப் பசங்க எங்கெங்க இருக்காங்களோ. யாராண்ட போயி சொல்லுவ?"

பையை நான் தூக்கிக்கொண்டேன். பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது கோயிலடியில் நின்றேன். நந்தவனம் இருந்த இடத்தில் சிமென்ட் பூசி வண்டி நிறுத்துகிறார்கள். மாலை பூ மார்க்கெட்டிலிருந்து வேனில் வந்துவிடுகிறது. மோர்ப் பந்தல் இல்லை, பாய் கடையில் இப்போது செல்போன் விற்கிறார்கள். பரீட்சை முடிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் கொத்துவதற்கு மண் இல்லை. கைராசிக்காரி என்று ஒரு பெண்ணைத் தேடி வந்தவர்களில் ஒருவரும் இல்லை.

அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன். அந்தத் தெருப் பிள்ளைகள் இப்போது ஸ்ரீபெரும்புதூரிலோ சென்னையிலோ குடும்பத்தோடு இருப்பார்கள். யாரையாவது நீங்கள் பார்க்க நேர்ந்தால், கற்பகம் ஊற்றியது நல்ல தண்ணீர் என்று சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எனக்காக இரக்கப்பட்டு, பாவம் அந்த மனுஷன் தெரியாமல் செய்துவிட்டான் என்று அதோடு நிறுத்திவிடாதீர்கள். தெரியாமல்தான் ஊற்றினேன். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.