வலியில்லாமல் போன ரத்தம்

என் கணவர் மண்டபத்தூரில் விசைப்படகு ஓட்டுகிறார். நோய் என்று படுத்ததே இல்லை. சென்ற ஆண்டு ஒருநாள் கடலுக்குப் போய்த் திரும்பியவர், வாசற்படியிலேயே மயங்கி விழுந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பியபோது முகம் வெளுத்திருந்தது. அப்போதுதான், சில நாட்களாக மலத்தோடு ரத்தம் போவதைச் சொன்னார்.

"ஏங்க, முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"மூலம்னு நெனச்சேன். வலியே இல்ல, வெளிய சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். மேலேயும் கீழேயும் குழாய் விட்டுப் பார்த்தும் காரணம் தெரியவில்லை. மூலமும் இல்லை. பிறகு ஊசியில் மருந்து செலுத்தி ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். படத்தில் இரைப்பை ஒளிர்ந்தது. தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியும் அதேபோல ஒளிர்ந்தது. பயத்தையும் மீறி எனக்கு வியப்பாக இருந்தது.

"அது என்னங்க டாக்டர்?"

"கருவுல இருக்கும்போது குடலையும் தொப்புளையும் சேர்த்து ஒரு குழாய் இருக்கும்மா. பொறக்குறதுக்குள்ள மறைஞ்சிடணும். இவருக்குக் கொஞ்சம் மிச்சமாகி, சிறுகுடல்ல பை மாதிரி நிக்குது. அதுக்குள்ள இரைப்பைச் சதை இருக்கு. அது சுரக்குற அமிலம் குடலைப் புண்ணாக்கிடுச்சு."

"அப்ப எனக்கு ரெண்டு வயிறா சார்?" என்றார் இவர். டாக்டர் சிரித்துவிட்டார்.

அந்தப் பையை அறுவை சிகிச்சையில் அகற்றிய பிறகு ரத்தம் போவது நின்றது. இப்போதெல்லாம் வீட்டில் யார் சோர்ந்திருந்தாலும், கூச்சம் பார்க்காமல் எல்லாவற்றையும் கேட்டுவிடுகிறேன். அவரும் மாறிவிட்டார். போன மாதம் படகில் கூட வரும் ஒருவர் இதே தொந்தரவைத் தயங்கித் தயங்கிச் சொன்னாராம்.

"வலிக்கலன்னு சும்மா இருக்காதீங்கண்ணே" என்று சொல்லி, கரையிறங்கியதும் அவரை நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.