ஒற்றைப்படைப் பக்கம் நின்ற வேன்

பிலியா தாவ் நாற்பத்தேழு வயதுக்குள் போராடி வாங்கியவை இவை. ஒன்பது வருட அகதி முகாம் வாழ்க்கைக்குப் பிறகு விஸ்கான்சினில், வெஸ்ட் ஹோல்டன் என்ற ஊரில், ஒரு மேல்மாடி வீடு. ஐந்தாம் முயற்சியில் ஓட்டுநர் உரிமம். இருபத்தாறு மைல் தள்ளி குத்தகைக்கு இரண்டு ஏக்கர் நிலம். நான்கு வருடம் பட்டியலில் காத்திருந்து கிடைத்த சந்தைக் கடை, எண் பதினான்கு. மருந்தாளுநராகிவிட்ட ஒரு மகள். கணவன் போன பிறகும் விற்காமல் தானே ஓட்டிய வெள்ளை வேன். அந்த வேன் இரவில் தெருவில் நிற்க ஊர் தந்த பர்மிட், எண் 2217. இன்னொன்றும் உண்டு. தெருவே தப்பாக நின்ற ஓர் இரவில் அவள் மட்டும் சரியாக நின்றதற்கு அபராதம் போட்டார்கள். அதை ஊர் அலுவலகம் திரும்ப எடுத்துக்கொண்டது. பட்டியலில் சின்னது அதுதான். ஆனால் வேறு எதற்கும் அவள் அவ்வளவு பயந்ததில்லை.

வெஸ்ட் ஹோல்டனில் இரவு இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை பர்மிட் ஒட்டாத வண்டி தெருவில் நிற்கக் கூடாது. ஒட்டியிருந்தாலும் பக்கம் பார்த்து நிறுத்த வேண்டும். இரட்டைப்படைத் தேதியென்றால் இரட்டைப்படை எண் வீடுகளின் பக்கம், ஒற்றைப்படையென்றால் எதிர்ப்பக்கம். இரவு எந்தத் தேதியில் தொடங்குகிறதோ அதுதான் விடியும்வரைக்கும் தேதி. நள்ளிரவு தாண்டினாலும் மாறாது. ஒரே வருடத்தில் மூன்று அபராதச் சீட்டு விழுந்தால் பர்மிட் போய்விடும். மறுபடி கேட்க ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

ஆஷ்லர் தெருவில் இதற்காக யாரும் காலண்டர் பார்ப்பதில்லை. எதிர்வீட்டு ரான் பிளாஷ்கோவுக்கு அச்சகத்தில் காலை ஷிஃப்ட். பிற்பகல் மூன்றரை மணிக்கு முதல் ஆளாக வீடு திரும்புவார். அவர் வண்டி எந்தப் பக்கம் நிற்கிறதோ, பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் பக்கமே நிறுத்துவார்கள். ரான் நிறுத்தினால்தான் தேதி என்று தெருவில் ஒரு கேலி உண்டு. ரானும் காலண்டர் பார்ப்பவர் இல்லை. நேற்று இந்தப் பக்கமா, இன்றைக்கு அந்தப் பக்கம், அவ்வளவுதான். மாதம் முழுக்க அது சரியாகவே வரும். முப்பத்தொன்று முடிந்து ஒன்று பிறக்கும்போதுதான் இடறும். இரண்டுமே ஒற்றைப்படை. அன்றைக்கு வண்டியை நகர்த்தவே கூடாது.

2004ஆம் வருடம் பிலியா இரண்டு தடவை அப்படி இடறி மாட்டிக்கொண்டாள். பிப்ரவரி ஒன்றாம் தேதி இரவு ஒரு சீட்டு. அது லீப் வருடம். இருபத்தொன்பதுக்கு அடுத்து மார்ச் ஒன்று வந்தது. அன்றிரவு இன்னொரு சீட்டு. ஆகஸ்ட் கடைசியில் பக்கத்து நகரத்தில் இருந்த அண்ணன் சோங் காலண்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு விளக்கிச் சொன்னார்.

"முப்பத்தொண்ணும் ஒண்ணும் ஒரு வயித்துப் பிள்ளைங்க பிலியா. ரெண்டும் ஒரே பாயிலதான் படுக்கும். பிரிச்சுப் படுக்கவச்சா உனக்குத்தான் அடி விழும்."

அதன் பிறகு அவள் பிரிக்கவில்லை.

செப்டம்பர் ஒன்று, புதன்கிழமை. சாயங்காலம் நிலத்திலிருந்து வேன் நிறைய வெங்காயத்தாள், கொத்தமல்லி, நீளப் பயற்றங்காய், பாகல், மிளகாய் என்று ஏற்றிக்கொண்டு வந்தாள். மறுநாள் வியாழன் சந்தை. காலை ஐந்து மணிக்குள் கடையில் இருக்க வேண்டும். நேற்று நிறுத்திய இடத்திலேயே, ரான் வீட்டு வாசலுக்கு நேராக நிறுத்தினாள். இறங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தப் பக்கம் அவள் வண்டியைத் தவிர ஒன்றும் இல்லை. பதினொரு கார்களும் எதிரே, அவள் குடியிருந்த 1834ஆம் எண் வீட்டின் வரிசையில் நின்றன.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் அங்கேயே நின்றாள். பதினொரு பேருக்கும் தெரியாதது தனக்கு மட்டும் எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்தாள். மாடியேறிப் போய் மளிகைக்கடைக் காலண்டரில் விரல் வைத்து எண்ணினாள். முப்பத்தொன்று, ஒன்று. திரும்ப இறங்கி வந்தாள். வேனை நகர்த்தவில்லை.

விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து போனபோது கண்ணாடித் துடைப்பானுக்கு அடியில் சீட்டு இருந்தது.

சந்தையில் கூட்டம் வருவதற்கு முன் சோங் அதைப் படித்துச் சொன்னார். நேரம் இரண்டு ஐம்பது. தேதி இரண்டு, இரட்டைப்படை. வண்டி நின்றது ஒற்றைப்படைப் பக்கம். வழக்கமாக வரும் காவலர் விடுப்பில் இருந்தார். மாற்றாக வந்தவர் தன் கைக்கடிகாரத்துத் தேதியைப் பார்த்திருக்கிறார். பதினொரு வண்டி ஒரு பக்கமும் ஒரு வண்டி மறுபக்கமும் நின்றால், எது தப்பு என்று அவருக்குச் சந்தேகமே வந்திருக்காது.

இருபது டாலர் பெரிய விஷயமில்லை. ஆனால் இது மூன்றாவது சீட்டு. பர்மிட் போனால் வேனுக்கு இடமில்லை. வீட்டில் இருந்தது ஒரே ஒரு கராஜ். அது கீழ்வீட்டு வீட்டுக்காரம்மா வெர்னாவுடையது, அதன் கதவுக்குள் வேனின் தலை நுழையாது. விடியற்காலையில் நிலத்துக்குப் போய் ஏற்றிக்கொண்டு ஐந்து மணிக்குள் சந்தைக்கு வர முடியாது. இரண்டு சந்தைக்கு வராவிட்டால் பதினான்காம் எண் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.

எதிர்த்து எழுதிக் கொடுக்கப் பத்து நாள் அவகாசம். பத்தாவது நாள் ஞாயிறு. ஆகவே வெள்ளிக்கிழமை நாலரை மணிதான் கடைசி.

செவ்வாய்க்கிழமை ஊர் அலுவலகத்துக்குப் போனாள். கரோல் ஹெங்கெல் பதினைந்து வருடமாக அந்தக் கவுன்டரில் இருப்பவர். பிலியா சொன்னதைக் கேட்டுவிட்டு விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, நீங்கள் சொல்வது சரி என்றார். படிவத்தையும் அவரே நிரப்பிக் கொடுத்தார். பிலியா பேனாவை எடுத்து, பர்மிட் தாளில் போடுவதுபோலக் கையெழுத்துக்குப் பதிலாகக் குறுக்குக் கோடு போடப் போனாள். கரோல் தாளின்மேல் கை வைத்துத் தடுத்தார்.

"இது சத்தியம் பண்ணிக் குடுக்கற பேப்பர் பிலியா. பேர எழுதிக் கையெழுத்துப் போட்டா சாட்சி வேணாம், கோடு மட்டும் போட்டா செல்லாது. ரெண்டு சாட்சி வேணும். இந்த ஊர்ல குடியிருக்கறவங்களா இருக்கணும், சொந்தக்காரங்களா இருக்கக் கூடாது. அடிச்சு எழுதினாலும் எடுத்துக்க மாட்டாங்க, பாத்துக்குங்க."

அண்ணனும் மகளும் சாட்சியாக முடியாது. வெர்னா உடனே ஒத்துக்கொண்டார்.

"எழுவத்தெட்டு வயசாச்சு, இனிமே எனக்கென்ன பயம்? என் வண்டி கராஜ்ல பத்திரமா தூங்குது."

இன்னொரு சாட்சிக்காக அன்று சாயங்காலம் பிலியா நாலு வீட்டுக் கதவைத் தட்டினாள். ஒருவர் ஊருக்குப் போகிறேன் என்றார். ஒருவர் மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். ஒரு பெண், அபராதத்தைத் தெருவில் எல்லாரும் பங்கு போட்டுக் கட்டிவிடுகிறோம், இதோடு விட்டுவிடு என்று அன்பாகத்தான் சொன்னாள். கடைசியாக ரான் வீடு. அவர் வலைக்கதவைப் பாதி திறந்து பிடித்தபடி நின்றார்.

"உங்க மேல கோவமில்ல பிலியா. ஆனா அந்தப் பேப்பர்ல என்ன எழுதியிருக்கு? உங்க வேன் நின்னது சரின்னு. அப்ப மத்ததெல்லாம் தப்பு. அந்த மத்ததுல மொத வண்டி என்னோடது."

"உங்க பேர எங்கயும் சொல்லல."

"பேர் எதுக்கு? தெருவுல சின்னக் குழந்தையக் கேட்டாக்கூடச் சொல்லும். எனக்கும் ரெண்டு டிக்கெட் இருக்கு. மூணாவது விழுந்தா நானும் உங்க கதிதான்."

"அதனால நான் மட்டும் போனா பரவால்லையா?"

அவர் தெருவில் நின்ற தன் வண்டியைப் பார்த்தார்.

"பதினாறு வருஷமா நீங்க நிறுத்தற பக்கம் பாத்துத்தான் ரான் நானும் நிறுத்தினேன்" என்றாள் பிலியா. "ரெண்டு டிக்கெட்டும் அப்படி வாங்குனதுதான். ஒரே ஒரு நாள் உங்களப் பாக்காம நிறுத்தினேன்."

ரானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

பிலியாவால் அவரை வெறுக்க முடியவில்லை. பனிக்காலத்தில் தன் மெஷினை எடுத்து வந்து அவள் வேனைச் சுற்றிப் பனியை ஒதுக்கிவிடுகிறவர் அவர். அந்தத் தெருவில் அவளுக்குப் பகை வேண்டாம். பர்மிட்டும் போகக் கூடாது. அன்றிரவு சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

புதன்கிழமை சோங் வந்தார். முகாமில் நாலாம் வகுப்பு வரை படித்தவர் அவர். பிலியா பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவள். எண்கள் மட்டும் தெரியும். சந்தையில் விலைப்பலகை எழுதுவது அவள்தான். அவள் போடும் எட்டுக்கும் மூன்றுக்கும் இடுப்பு அழகாக இருக்கும். காய்கறிப் பெட்டியின் அட்டை மூடி ஒன்றை அண்ணன் முன் நகர்த்தி, என் பெயரை எழுது என்றாள். அவர் எழுதினார். Blia Thao என்று ஆங்கிலத்தில் எட்டு எழுத்து. கையைப் பிடித்து எழுதிக் காட்டட்டுமா என்று கேட்டார்.

"விடு அண்ணே. வெல எழுதற கைதானே."

முதல் எழுத்துக்கு இரண்டு வயிறு. அது எட்டிலிருந்து பிறந்ததுபோல எளிதாக வந்தது. நான்காவது எழுத்துக்கும் ஏழாவது எழுத்துக்கும் பின்னால் சின்னதாக ஒரு வால். அந்த வால்தான் வரவில்லை. வராவிட்டால் அது வெறும் பூஜ்யம். வியாழன் சந்தையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் மேசைக்கடியில் அட்டையை வைத்துக்கொண்டு எழுதினாள். மிளகாய் வாங்க வந்த ஒரு பெண் இரண்டு தடவை கூப்பிட்டும் கேட்கவில்லை. இரவுக்குள் பதினொரு மூடி தீர்ந்தது. எட்டு எழுத்தும் பிசகாமல் வந்தது மூன்றே தடவைதான். அதை நம்பி எப்படிப் போவது? வெர்னா தேவாலயத்துத் தோழிகளை ஒவ்வொருவராக விசாரித்துப் பார்த்தார். எல்லாரும் ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம் குடியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை நாலு ஐந்துக்கு வெர்னாவும் பிலியாவும் அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள். கவுன்டரில் ரான் நின்றுகொண்டிருந்தார். அச்சக உடுப்பைக்கூட மாற்றவில்லை, விரல்களில் மை. பிலியாவின் கால் நின்றுவிட்டது. தன் படிவத்துக்கு எதிராக ஏதோ சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தாள். வெர்னா அவள் முழங்கையைப் பிடித்து முன்னால் நடத்தினார்.

ரான் கேட்டதன் முடிவுதான் அவர்கள் காதில் விழுந்தது. கரோல் தலையை ஆட்டினார்.

"போன வார ராத்திரிக்கு இன்னிக்கு டிக்கெட் எழுத முடியாது ரான். போலீஸ்காரர் கண்ணால பாத்து அப்பவே எழுதினாத்தான் உண்டு. பிலியா பேப்பர் குடுத்தா அவங்க டிக்கெட் மட்டும்தான் விசாரணைக்கு வரும். உங்க யாரையும் தொடாது."

ரான் பெருமூச்சு விட்டார். திரும்பினார். பிலியாவைப் பார்த்ததும் காது சிவந்தது.

"ஒரு தெருவுக்கே தேதி சொல்றவரு" என்றார் வெர்னா, "ஒரு கேள்வி கேக்க மூணு நாள் யோசிச்சிருக்காரு."

"நியாயம்தான்" என்றார் ரான். "பேனா குடுங்க கரோல். ரெண்டாவது சாட்சி நான் போடறேன்."

கரோல் படிவத்தைத் திருப்பி வைத்தார். சுவர்க்கடிகாரத்தில் நாலு பன்னிரண்டு. பிலியா குறுக்காக இரண்டு கோடு போட்டால் போதும், அதற்குக் கீழே இரண்டு பேர் கையெழுத்து, வேலை முடிந்தது. பெயரை எழுதப் போய் ஓர் எழுத்து பிசகினால் அடிக்கக் கூடாது. புதுப் படிவம் நிரப்பிச் சத்தியம் வாங்க அரை மணி நேரமாகும். அதற்குள் அலுவலகத்தை மூடிவிடுவார்கள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தாளின் அடியில் கரோல் சுட்டிய கோட்டைப் பார்த்தாள். அவள் சரியாக நிறுத்தியதாக அந்தத் தாள் சொன்னது. அன்றிரவு காலண்டரில் விரல் வைத்து எண்ணியது ரான் இல்லை, வெர்னாவும் இல்லை.

"வேண்டாம் ரான்" என்றாள். "நானே போட்டுக்கறேன்."

"பிலியா, நேரம்…" என்று தொடங்கிய கரோல் நிறுத்திக்கொண்டார்.

பிலியா கைப்பையைக் கீழே வைத்தாள். பேனாவை விலைப்பலகை எழுதுவதுபோலச் சற்று நிமிர்த்திப் பிடித்தாள். இரண்டு வயிறு. ஒரு குச்சி. புள்ளி வைத்த குச்சி. நான்காவது எழுத்தில் வட்டத்தை மூடிவிட்டுக் கையைத் தூக்காமல் நின்றாள். மூச்சை விட்டாள். வால் வந்தது. வெர்னா பார்க்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஐந்தாவது எழுத்து கொஞ்சம் சாய்ந்தது, ஆனால் அந்த எழுத்தாகவே நின்றது. ஏழாவதில் மறுபடி வால். கடைசி எழுத்து வெறும் வட்டம். அதை அவசரமில்லாமல் சுற்றி மூடினாள்.

கரோல் தாளைத் தன் பக்கம் இழுத்து, படிவத்தின் மேலே தான் எழுதியிருந்த பெயரோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டார். பிறகு ரப்பர் முத்திரையை எடுத்து அந்தக் கையெழுத்துக்குப் பக்கத்தில் அழுத்தினார்: 2004 செப்டம்பர் 10, வெள்ளிக்கிழமை.