சத்தம் போடாத ஃபேன்

போன வியாழக்கிழமை ஃபேனைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு யோகன் பாஸின் கடைக்குப் போனேன். கல்முனைச் சந்தைப் பக்கம் ரேடியோ, ஃபேன், ஸ்திரிக்கைப் பெட்டி எல்லாம் திருத்துகிறவர் அவர்.

“திரும்பவும் சத்தம் போடுதா காக்கா?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

“இல்ல. சத்தம் போடுதில்ல.”

“மறுகா என்ன?”

“அதுதான் பிரச்சினை… பழையபடி சத்தம் வாற மாதிரிச் செஞ்சி தாங்க.”

யோகன் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். கடையில் நின்ற இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நாலு பேருக்கு முன்னால் கதைக்க வராத மனிதன் நான். இதை எப்படி விளக்குவேன்?

பத்திரிகை வாசிக்கிற உங்களுக்கு என்றால் எழுதலாம். என் மருமகன் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கம் மட்டும்தான் பார்ப்பார்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கல்யாணம் முடிந்தால் பெண் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்கு. கட்டிக் கொடுப்பது தகப்பன் பாடு. எனக்கு மூன்று பெண்கள். மூத்தவளின் வீட்டை முடிப்பதற்குள்ளேயே இடுப்பு ஒடிந்துவிட்டது. உள்சுவர்கள் கூரையைத் தொடவில்லை. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிட்டன. “காத்தோட்டத்துக்கு நல்லம்” என்றார் மேசன் பாஸ். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும் — கல் முடிந்துவிட்டது.

முன்னறை மகளுக்கும் மருமகனுக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் மனைவியும் மற்ற இரண்டு பிள்ளைகளும்.

மாப்பிள்ளை அறையில் ஃபேன் இல்லாமல் கச்சான் காற்றுக் காலத்தைக் கழிக்க முடியுமா? வெக்கை ஆளை அவிக்கும். தெரிந்தவர் ஒருவரின் பழைய மேசை ஃபேன் வந்து சேர்ந்தது. காற்றுக்குக் குறைவில்லை. சத்தம்தான்… கல் ரோட்டில் மாட்டு வண்டில் போவதுபோல கடகட, கடகட. மருமகனின் தாய் மருதமுனையிலிருந்து ஒருநாள் வந்திருந்தார். “எங்கட மகன் இதுக்குள்ளயா படுக்காரு?” என்று சிரித்தார். பகிடிதான். ஆனால் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

சத்தம் தொந்தரவா என்று மருமகனிடமே கேட்டிருக்கலாமே என்பீர்கள். எப்படிக் கேட்பது? அவரும் என்னைப் போலவே. “அஸ்ஸலாமு அலைக்கும் மாமா” என்பார். “வஅலைக்கும் ஸலாம்” என்பேன். அத்தோடு அன்றைய கதை முடிந்துவிடும்.

ஆகவே முதல் தடவை யோகனிடம் கொண்டுபோனேன். அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்துபோயிருந்தது; அதைக் கழற்றிப் புதியது போட்டார், எண்ணெய் விட்டார், முன்பக்கக் கம்பிக் கூட்டை இறுக்கினார். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால் — சுற்றுவதே தெரியவில்லை. இனியாவது நிம்மதி என்று பாயில் சரிந்தேன்.

அடுத்த நாளிலிருந்து பகல் சோற்றுக்குப் பிறகு மருமகன் சைக்கிளை எடுக்கத் தொடங்கினார். “உம்மாவப் பாத்திட்டு வாறன்.” பொழுது படும்போதுதான் திரும்புவார். முன்பெல்லாம் அந்த வேளையில் ஃபேனைப் போட்டுக்கொண்டு அறையில்தான் இருப்பார். மகளின் முகமும் சரியில்லை. ஒரு கிழமை போனதும் பக்கத்து வீட்டு மதினி வேலிக்கு மேலால் என் மனைவியிடம் கேட்டே விட்டார்: “என்னகா, மாப்புள தாய் வீட்டோடயே நிண்டுட்டாரா?”

இந்தக் கேள்வி ஒரு வேலியோடு நிற்காது. ஊர் முழுக்கப் போகும். மூத்தவளின் வாழ்வும் இருக்கிறது, அவளுக்குப் பின்னால் இரண்டு பேரும் இருக்கிறார்கள். மனைவி மகளை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். நான் கிணற்றடியில் கால் கழுவுகிறவன் மாதிரி நின்றேன்.

“உண்மையச் சொல்லு புள்ள. என்ன குறை அவருக்கு?”

“குறை ஒண்டும் இல்ல உம்மா.”

“மறுகா ஏன் போறாரு?”

மகள் கதவு நிலையைச் சுரண்டிக்கொண்டு நின்றாள்.

“வாப்பா இருமுறது எங்களுக்குக் கேக்குது. நீங்க வெத்திலை இடிக்கிறது கேக்குது. தங்கச்சிமார் குசுகுசுக்கிறதும் கேக்குது. அப்ப நாங்க கதைக்கிறது உங்களுக்குக் கேக்காதா? அவருக்கு வெக்கமா இரிக்காம். வாயே துறக்கிறாரில்ல.”

நான் இன்னொரு தடவை கால் கழுவினேன்.

கல் முடிந்து நான் கட்டாமல் விட்ட மீதிச் சுவர் அந்தக் கடகட சத்தம்தான். அதை நானே கொண்டுபோய் இடித்துக்கொண்டு வந்திருக்கிறேன்! வீட்டில் எது பழுது என்று வீட்டுக்காரனுக்கே தெரியாமல் போகிறது, பார்த்தீர்களா?

யோகனிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா? “வீட்டுல அந்தச் சத்தத்துக்குப் பழகிட்டாங்க” என்று மட்டும் சொன்னேன். யோகனும் புதிதாகக் கல்யாணம் முடித்தவர். சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டு கழிவுச் சாமான் டின்னைக் கிளறினார். பழைய புஷ் கிடைத்தது. அதை மாட்டி, கூட்டின் ஆணியையும் தளர்த்திவிட்டார்.

“இத ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதீங்க காக்கா. யோகன் திருத்தின ஃபேன் எண்டு ஆராவது கேட்டா என்ட தொழில் முடிஞ்சிது.”

அன்று பகல் மருமகன் சாப்பிட்டுக் கை கழுவினார். சைக்கிளில் கை வைத்தார். உள்ளே மகள் ஃபேனைப் போட்டாள். கடகட, கடகட… மருமகன் நின்றார். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனார்.

என்ன கதைத்தார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. மனைவி தாராளமாக வெற்றிலை இடித்தாள். நான் தாராளமாக இருமினேன்.

என் பகல் தூக்கம் போனது போனதுதான். சுவரை உயர்த்தினால் என்ன என்று கேட்பீர்கள். உயர்த்தத்தான் வேண்டும். ஆனால் அடுத்தவளின் வீட்டுக்கு இன்னும் அத்திவாரமே போடவில்லையே…

அந்த வீட்டுக்குக் கல் வாங்குவதற்கு முன்னால் ஒரு ஃபேன் வாங்கி வைக்கப்போகிறேன் — நல்ல பழசாகப் பார்த்து!