அடைப்புக்குறிக்குள் ஒரு நடிகை

“கௌபோய்ப் படத்துக்கும் உமக்கும் என்ன சம்பந்தம், தங்கச்சி? உமக்கு இது சரிவராது.”

கனடாவில், ஸ்காபரோ கப்ஷன் ஒஃபீசில் முதல் நாள் ரவி அண்ணை சொன்னது. அவர்தான் என் சூப்பர்வைசர். காது கேளாதவர்களுக்காக வசனத்தைத் திரைக்கு அடியில் எழுத்தாகப் போடுவது எங்கள் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். மூன்று மாத ப்ரொபேஷனில் தோற்றுப்போக எனக்கு விருப்பமில்லை.

எனக்குத் தந்தவை ஐந்து பழைய வெஸ்டேர்ன் படங்கள். ஐந்திலும் ஒரே மெக்சிகோ நடிகை. முதல் படத்தில் அவருக்கு வசனமே இல்லை. மதுச்சாலையில் தட்டு ஏந்திக்கொண்டு போனார். மூன்றாவதில் கதாநாயகனின் காயத்துக்குக் கட்டுப் போட்டார். ஐந்தாவதில் பண்ணையே அவருடையது. டைட்டிலில் கடைசி வரியில் இருந்த பெயர் இரண்டாவது வரிக்கு வந்திருந்தது.

அந்த ஐந்தாவது படத்தைத்தான் முதலில் அனுப்ப வேண்டும். அதில் முக்கியமானதையெல்லாம் அவர் ஸ்பானிஷில் பேசினார். ஒஃபீஸ் விதிப்படி அந்த இடங்களில் அடைப்புக்குறிக்குள் ‘ஸ்பானிஷ் பேசுகிறார்’ என்று போட்டால் போதும். பதினொரு இடத்தில் அப்படியே போட்டேன். பன்னிரண்டாவதில் கை நின்றது. ஒருமுறை இங்கே என் பள்ளிக்கூடத்துக்கு வந்து அம்மா பத்து நிமிசம் தமிழில் கதைத்தார். தமிழ் தெரியாத ரீச்சர் படிவத்தில் எழுதியது, ‘தாயார் வந்திருந்தார்’ என்று மட்டும்தான்.

பக்கத்து மேசை ரோசா மெக்சிகோக்காரி. ஹெட்ஃபோனை அவளிடம் கொடுத்தேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள். குதிரையில் வந்த கதாநாயகனைப் பார்த்து நடிகை சொல்வது இதுதான்: “இது என் நிலம். குதிரையை விட்டு இறங்கிப் பேசு.” அவனும் இறங்குகிறான். காதலில் மயங்கி இறங்கினான் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்!

ரோசாவோடு இருந்து பன்னிரண்டு இடத்திலும் நடிகை சொன்னதையே எழுதித் திருத்தினேன்.

“ரூல் தெரியும்தானே? கிளையன்ட் திருப்பி அனுப்பினா உம்மட ப்ரொபேஷன் அவ்வளவுதான்,” என்றார் ரவி அண்ணை.

“ஓம் அண்ணை. என்ர பேரிலேயே அனுப்புங்கோ.”

இரண்டு நாளில் கிளையன்டிடமிருந்து பதில் வந்தது. மற்றப் படங்களையும் இப்படியே செய்து தரட்டாம்.

“உந்த நடிகை கௌபோய்க்கே ஓடர் போடுறா, எங்களுக்குப் போடமாட்டாவோ!” என்றபடி ரவி அண்ணை விதித்தாளில் ‘ஸ்பானிஷ் பேசுகிறார்’ என்ற வரியை வெட்டினார். என் வேலையும் நிரந்தரமானது.

அடைப்புக்குறி போடமுதல் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும். நான் கற்றது அதுதான்.

போன சனிக்கிழமை ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்தேன். தெரிந்த வசனம் ஏதாவது இருந்தால் சொல்லச் சொன்னார் ஆசிரியர். எழுந்து நின்று, ரோசாவிடம் பாடமாக்கியதை ஸ்பானிஷிலேயே சொன்னேன்: “இது என் நிலம். குதிரையை விட்டு இறங்கிப் பேசு.”