சொந்த ஊர் கேட்ட பேருந்தில் திருமழிசை வரை

முதலில் ஒரு மன்னிப்பு. பயணக் கட்டுரை என்று பார்த்ததும் லடாக், வயநாடு, குறைந்தபட்சம் ஏற்காடு என்று நினைத்து வந்திருப்பீர்கள். நான் எழுதப்போவது பட்டாபிராமிலிருந்து திருமழிசைக்குப் போய்வந்ததைப் பற்றி. ஒரு வழிக்கு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். மலை இல்லை, அருவி இல்லை. எனக்கு நாலு பேர் முன்னால் பேசவும் வராது, எழுதவும் கூச்சம். ஆனாலும் கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு வழி தெரிந்திருந்தால் நல்லது என்று தோன்றியது. அதோடு அன்று நான் அவ்வளவு சந்தோஷமாக வீடு திரும்பினேன். அதற்காகவும் மன்னியுங்கள்.

போனது ஜூன் மாதத்தில் ஒரு புதன்கிழமை. எங்கள் பின்வீட்டுப் பெண் சஸ்மிதாவுக்கு அரசுக் கல்லூரி ஒன்றில் பதினொரு மணிக்குக் கலந்தாய்வு. அவள் அப்பா நிரஞ்சன் திருமழிசை தொழிற்பேட்டையில் மெஷின் ஓட்டுகிறார். ஒடிசாவிலிருந்து வந்தவர். சஸ்மிதா பிறந்தது ஆவடியில், ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தது எங்கள் அரசுப் பள்ளியில். அவருக்கு அன்று விடுப்பு கிடைக்கவில்லை. துணைக்கு என்னைக் கேட்டார், கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்.

"காலேஜு ஃபீஸ கவர்மெண்டு கட்டுறது இந்த ஊர் ஜனங்க பணம்மா. யாராவது ஒருத்தர் 'நீ எந்த ஊரு'ன்னு இழுத்தா, சண்டை வேணாம். அப்படியே திரும்பிடுங்க. நம்ம கம்பெனி பேக்கிங்ல இவளுக்கு இடம் பேசி வெச்சிருக்கேன்."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. முன்பு ஏதோ ஒரு அலுவலகத்தில் அரை நாள் வரிசையில் நின்றுவிட்டு, எந்த ஊர் என்று கேட்கப்பட்டு, பின்னால் நின்றவர்கள் சிரிக்க, வெறுங்கையோடு வந்திருக்கிறார். மகளுக்கு அது நேரக்கூடாது என்று நினைத்தார். ஆனால் எங்கள் பக்கத்தில் சாப்பிட்டாச்சா என்பதற்கு முன்பே கேட்கப்படும் கேள்வி எந்த ஊர் என்பதுதான். இந்த நிபந்தனையோடு ஒருத்தியைப் பேருந்தில் ஏற்றுவது, ஐப்பசி மாதத்தில் நனையாமல் வா என்று அனுப்புவதைப் போல.

வழி இதுதான். பட்டாபிராமிலிருந்து ஆவடிக்கு மின்சார ரயில், ஐந்து ரூபாய். எங்கள் ஊரில் மெயின் லைன் ஸ்டேஷன் வேறு, ராணுவ சைடிங் என்கிற கிளைத் தண்டவாளத்துப் பக்கம் இருக்கும் ஸ்டேஷன் வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் புதியவர்கள் மாறிப்போய் நிற்பார்கள். நாங்கள் எட்டேகாலுக்கு ஏறினோம். பெண்கள் பெட்டியில் நிற்க இடம் இருந்தது. ஆவடியில் இறங்கிப் பேருந்து நிலையத்துக்குப் பத்து நிமிட நடை. பூந்தமல்லி போகும் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முன்பக்கம் இளஞ்சிவப்பு அடித்த வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். ஷேர் ஆட்டோக்காரர்கள் கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுவார்கள், அவசரமில்லை என்றால் விட்டுவிடலாம். இடது பக்கமோ வலது பக்கமோ, பருத்திப்பட்டு ஏரி தெரிகிற பக்கமாக உட்காருங்கள். காலை வெயிலில் கூழைக்கடாக்கள் பேருந்தைப் பார்த்துக்கொண்டு மிதக்கும்.

வண்டி நகர்ந்ததும் நடத்துநர் வந்து இரண்டு இலவசச் சீட்டுகளைக் கொடுத்தார். சஸ்மிதா அதை மடித்துப் பையில் வைத்தாள். மதிப்பெண் பட்டியல் இருந்த அதே பையில்.

பருத்திப்பட்டில் ஓர் அம்மா ஏறி எங்கள் மூன்று பேர் இருக்கையில் உட்கார்ந்தார். பெயர் தேவகி என்று பிறகு தெரிந்தது. தலை நிறையக் கனகாம்பரம். உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் கேட்டுவிட்டார்.

"எந்த ஊரும்மா நீ?"

"பட்டாபிராம்," என்றாள் சஸ்மிதா.

"அது ஊடு கீற எடம். சொந்த ஊர கேட்டேன்."

சஸ்மிதா என்னைப் பார்த்தாள். நான் ஏரியைப் பார்த்தேன்.

"அப்பா ஊரு ஒடிசாக்கா."

"அட, பேச்ச பாத்தா நம்ம பொண்ணு மாதிரியே கீது. எங்க கெளம்பிட்டீங்க காலங்காத்தால?"

கல்லூரிப் பெயரையும் பி.காம். என்பதையும் சஸ்மிதா சொன்னாள். தேவகி அக்காவின் முகம் கொஞ்சம் மாறியது.

"எம் பொண்ணு பேரும் அந்த காலேஜு லிஸ்ட்லதான் கீது. இன்னும் கூப்புடல. அத கேக்கத்தான் கேன்டீன் வேலைக்கு லீவு போட்டுகினு போறேன்." ஜன்னல் பக்கம் திரும்பினார். "தப்பா எடுத்துக்காத. ஃபீஸ கவர்மெண்டு கட்டுது. அது மொதல்ல நம்ம புள்ளைங்களுக்குத்தான இருக்கணும்? அதோ தெரியுது பாரு ஃப்ளாட்டு, எங்க மாமனாரு ஏர் ஓட்டுன நெலம். எங்களுக்கே சீட்டு இல்லன்னா இன்னா நியாயம்?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பின்னால் வந்துகொண்டிருந்த நடத்துநர் காதில் அது விழுந்துவிட்டது.

"இன்னாக்கா, பஸ்ஸுலயே பட்டிமன்றமா?"

"நீயே சொல்லு அண்ணாத்தே, நான் சொல்றது தப்பா?"

"எனக்கு சொந்த ஊரு வந்தவாசி. நான் தீர்ப்பு சொன்னா செல்லுமா?" என்றார் அவர். பேருந்தில் சிரிப்பு. "ஆனா ஒண்ணுக்கா. காலையிலேர்ந்து லேடீஸுக்கு டிக்கெட்டு குடுத்துகினு கீறேன். சொந்த ஊரு கேட்டுட்டு குடுன்னு எனக்கு எவனும் சொல்லல."

"இது பஸ்ஸு. எடம் இல்லன்னா நின்னுகினு போவலாம். காலேஜுல நின்னுகினு பி.காம் படிக்க முடியுமா?"

இந்த முறை சிரிப்பு முழுக்க தேவகி அக்காவின் பக்கம். நடத்துநர் கையை உயர்த்தித் தோல்வியை ஒப்புக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

கரையான்சாவடியில் மெட்ரோ தூண்களுக்குக் கீழே வண்டி நின்றுவிட்டது. அங்கே எப்போதும் இருபது நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். சஸ்மிதா எழுந்து என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, எறங்கிடலாம். அப்பா சொன்ன மாதிரியே கேட்டுட்டாங்க இல்ல."

இங்கே என்னைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். என் அப்பா பாடிப் பகுதியில் லேத் மெஷின் ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். என் கல்விக் கட்டணத்தை அரசு கட்டியது. முதுகலையில் என் ஆய்வேடு உலகக் குடிமை பற்றியது. ஓர் அரசு தன் மக்களுக்கு மட்டும்தான் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டுமா, தன் எல்லைக்குள் படிக்க வரும் யாருக்கும் கட்டலாமா என்பதுதான் கேள்வி. எண்பது பக்கம் எழுதினேன். வாய்மொழித் தேர்வில் அதில் நாலு வாக்கியம்கூட என் வாயிலிருந்து வரவில்லை.

ஆனால் அன்று அவள் எழுந்து நின்றதும், தேவகி அக்காவைப் பார்த்து, "அக்கா," என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார்.

"நான் அக்டோபர்ல ஜெர்மனிக்குப் படிக்கப் போறேன்க்கா. எனக்கு அங்க ஃபீஸ் இல்ல."

"ஏன், யாரு கட்றா?"

"அந்த ஊர் ஜனங்க வரிப்பணத்துல நடக்குது."

"உன்ன அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொந்தக்காரங்களா?"

"இல்லக்கா."

"அப்பறம் இன்னாத்துக்கு கட்றானுங்க, லூசுப்பசங்க?"

எண்பது பக்கமும் ஒரே நேரத்தில் மறந்துபோனது. "படிக்க வர்றவ எங்க பொறந்தான்னு பார்க்க வேணாம்னு நெனச்சிருக்காங்க போல," என்றேன். "இவ அப்பாவும் இங்கதான சோப்பு வாங்குறாரு, அரிசி வாங்குறாரு. அந்த வரியும் இந்தக் கவர்மெண்டுக்குத்தான போகுது?"

"அத நான் இல்லன்னனா?" தேவகி அக்கா என் பக்கம் முழுதாகத் திரும்பினார். "அந்த ஊருலயும் என்ன மாதிரி ஒருத்தி இருப்பா இல்ல? அவ பொண்ணு வெளிய நிக்க, நீ போய் உள்ள குந்திகினா, அவளுக்கு நீ இன்னா சொல்லுவ?"

என் ஆய்வேட்டில் நான் வேகமாகக் கடந்துபோன இடம் அது. ஒரு சீட்டு ஒருத்திக்குத்தான். உலகமே ஒரு ஊர் என்று எவ்வளவு அழகாக எழுதினாலும், வகுப்பில் நாற்காலிகள் எண்ணித்தான் போடப்பட்டிருக்கின்றன.

"நான் எழுந்து வந்துட மாட்டேன்க்கா," என்றேன். இந்த முறை பேச்சு நிற்கவில்லை. "ஆனா அவங்க பொண்ணுக்கும் சீட்டு போடுங்கன்னு அவங்ககூட நின்னு கேப்பேன். நான் எறங்கிட்டா அவங்க பொண்ணுக்குக் கெடைச்சிடும்னும் சொல்ல முடியாது. இன்னும் ரெண்டு பெஞ்சு போட்டாதான் கெடைக்கும்."

தேவகி அக்கா கையை நீட்டி, நின்றுகொண்டிருந்த சஸ்மிதாவின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார்.

"குந்து. நான் கேட்டது கவர்மெண்ட. உன்ன இல்ல."

வண்டி நகர்ந்தது. முன்னாலிருந்து நடத்துநர், "தீர்ப்பு வந்துடுச்சு, ரைட் போலாம்," என்றார்.

பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் தேநீர் பன்னிரண்டு ரூபாய். மூவருக்கும் தேவகி அக்காவே வாங்கினார், ஜெர்மனிக்காரி காசை வாங்காதே என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு. அங்கிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போகும் சாதாரணப் பேருந்துகள் அடிக்கடி வரும், அவற்றிலும் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. திருமழிசைக்கு ஐந்து கிலோமீட்டர், கல்லூரி அதைத் தாண்டிச் சிறிது தூரம். தொழிற்பேட்டை நிறுத்தத்தில் சஸ்மிதா ஜன்னல் வழியாக அப்பாவின் கம்பெனி கேட்டைப் பார்த்தாள். பேக்கிங் பெண்கள் நீலக் கோட்டோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

கல்லூரியில் பெரிய வேப்பமரம், அதன் கீழே பெற்றோர் கூட்டம். தண்ணீர் கொண்டுபோங்கள், குழாயில் வருவதில்லை. சஸ்மிதாவை அழைத்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தாள்களைப் புரட்டிவிட்டு, தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"எந்த ஊரும்மா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அப்பா ஊரு ஒடிசா சார். என் ஊரு பட்டாபிராம்."

"பட்டாபிராமா? தூரமாச்சேம்மா. மொத வகுப்பு எட்டரைக்கு. பஸ் கெடைக்குமா?"

"அதெல்லாம் வந்துகினே இருப்பேன் சார்."

அவர் சிரித்துவிட்டார். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். முத்திரை விழும் சத்தம் கேட்டது. சஸ்மிதா வெளியே வந்து அப்பாவுக்கு போன் செய்து ஒடியா மொழியில் ஏதோ சொன்னாள். அந்தப் பக்கம் மெஷின் சத்தம் கேட்டது. பிறகு அவள் போனை என் காதில் வைத்தாள். "கேட்டாங்களாம்மா?" என்றார் நிரஞ்சன். "கேட்டாங்க, ரெண்டு தடவை," என்றேன். "ரெண்டு தடவையும் இவளே பதில் சொல்லிட்டா." அவர் போனை வைக்கவே இல்லை.

தேவகி அக்காவின் மகளுக்கு அடுத்த சுற்றில்தான் தெரியும் என்றார்கள். "ரெண்டாவது ஷிப்டா மத்தியானத்துக்கு மேல கிளாஸு போட்டா இன்னா சார்?" என்று அவர் கேட்க, மனுவாக எழுதிக் கொடுங்கள் என்றார்கள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நான் எழுதினேன். ஆய்வேட்டைவிட நன்றாக வந்தது, அரைப் பக்கம்தான். தேவகி அக்கா முதல் கையெழுத்து, சஸ்மிதா இரண்டாவது. அக்கா தாளை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனார். எல்லோரிடமும் முதலில் எந்த ஊர் என்று கேட்டார், பிறகு கையெழுத்து வாங்கினார். செய்யாறு, கும்மிடிப்பூண்டி, ஒரு நேபாளக் காவலாளி. யாரையும் விடவில்லை.

திரும்பும்போது அதே வழி. பயணச் செலவு இரண்டு ரயில் சீட்டுகள், ஒருவருக்குப் பத்து ரூபாய். காலையில் எட்டு மணிக்கு மேல் கிளம்பாதீர்கள், பூந்தமல்லியைத் தாண்டினால் சாப்பாட்டுக் கடை குறைவு, எலுமிச்சை சாதம் கட்டிக்கொள்ளுங்கள். சான்றிதழ்களை இரண்டு நகல் எடுத்துச் செல்லுங்கள். வழியில் யாராவது சொந்த ஊர் கேட்டால் பயப்பட வேண்டாம், உண்மையைச் சொல்லுங்கள், பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.

இவ்வளவு நேரம் வழி சொன்னதே ஒன்றைக் கேட்பதற்காகத்தான். எனக்குக் கேட்க வராது, அதனால் கடைசியில் வைத்தேன். அன்று மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில், உள்ளே இடம் கிடைத்துவிட்ட பெண் சஸ்மிதா மட்டும்தான். கிடைத்த மற்றவர்கள் எல்லாம் சந்தோஷத்தில் பேருந்தைப் பிடிக்க ஓடிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, நானும் என் வருடத்தில் ஓடியிருப்பேன். அடுத்த சுற்றுக்கும் தேவகி அக்கா தாளோடு அதே மரத்தடியில் இருப்பார். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு சீட்டு கிடைத்ததும் கிளம்பிவிடாதீர்கள். ஐந்து நிமிடம் நின்று, கிடைக்காதவளுக்காக ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.